கொடியைச் சுற்றிப் புல்

இப்போது வீடு கட்டுகிறவர்களுக்கு வெட்கம் என்பதே கிடையாது. நாலு பக்கமும் இடம் விட்டு, மூலையில் ஒரு எலுமிச்சை மரம் வைத்து, அவரவர் பாட்டுக்கு இருந்துகொண்டிருந்த தெருவில் வந்து, ஒரு வீட்டை இடித்த இடத்தில் இரண்டை நிறுத்துகிறார்கள். அதுவும் மாடி வைத்து. மாடி வைத்தால் ஜன்னல். அந்த ஜன்னலைத் தெருப் பக்கம் வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? வைக்க மாட்டார்கள். அடுத்தவன் கொல்லையைப் பார்த்துக்கொண்டேதான் பல் விளக்க வேண்டும். பார்ப்பதையெல்லாம் பார்த்துவிட்டு, குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது எதிரில் வந்தால், ஒன்றுமே தெரியாதது போல "என்ன வெர்ன், நல்லா இருக்கீங்களா?" என்று பல்லைக் காட்டவும் வேண்டும்.

வெர்ன் இதை எல்லாம் வாய்விட்டேதான் சொன்னார். சொல்லிக்கொண்டே வைக்கோல் கட்டும் கயிற்றைப் பல்லால் இழுத்துப் பிடித்து, சாய்ந்து கிடந்த புல் தூரை இடுப்போடு அணைத்து நிமிர்த்தி இறுக்கிக் கட்டினார். கட்டிவிட்டுக் கையை எடுத்தால் தூர் இந்தப் பக்கம் நிற்கிறது, அந்தப் பக்கம் பிளந்துகொண்டு விழுகிறது. குளிர்காலத்துக் கடைசி மாதமான ஆகஸ்டின் மேல்காற்று சுரங்க மேட்டிலிருந்து இறங்கி வந்து காய்ந்த தாள்களைச் சளசளவென்று உலுக்கியது. புல்லின் ஓரம் சவரக் கத்தி. முழங்கைவரை கோடு கோடாகக் கீறியிருந்தது.

தெருவில் எல்லோரும் சிரித்த புல் அது. வேலி ஓரம் வைத்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அவர் கொல்லை நடுவில், ஒற்றைக் கம்பத்தில் குடை மாதிரிச் சுற்றும் துணிக்கொடியைச் சுற்றி வட்டமாக வைத்தார். வேலி ஓரம் வைத்தால் மாடி ஜன்னல் தலைக்கு மேலே எட்டிப் பார்க்கும். கொடிக்குக் கிட்டத்தில் வைத்தால்தான் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்ததும் மறைக்கும். துடைப்பக் குச்சியை நட்டு, ஏணிமேல் ஏறி நின்று, ஒரு கண்ணை மூடி அவரே கண்டுபிடித்த கணக்கு. பூமிக்கு அடியில் கூரை தாங்கும் கட்டை நிறுத்தியே வயசாகிப்போன மனிதருக்கு இது பெரிய வேலையில்லை. வட்டத்தையும் அவர் முழுசாக மூடவில்லை. ஒரு நுனியை இன்னொரு நுனி தாண்டிப் போகும்படி நத்தை ஓடு போல வளைத்து, நடுவில் ஒரு ஆள் நுழைய வழி விட்டிருந்தார். நேராக நின்று பார்க்கிறவனுக்குப் புல்தான் தெரியும். உள்ளே ஒரு அறை இருப்பது தெரியாது.

முதல் கோடையில் அது பச்சைச் சுவராக எழுந்து நின்றது. வைக்கோல் நிறத்தில் கதிர் விட்டு, மேலே சேர்ந்து அசைந்தது. அதைப் பார்த்து அவருக்கே நம்ப முடியவில்லை. குளிர்காலம் வந்ததும் தலையிலிருந்து கால்வரை காய்ந்துபோனது. நர்சரிக்காரியிடம் போய்ச் சண்டை போட்டார். அவள், "செத்துப் போகலைங்க, தூங்குது. குளிர் முடியறதுக்குள்ள அடியோட ஒட்ட வெட்டிருங்க. வெட்டலைன்னா நடுத்தூர் அழுகி விரிஞ்சு விழுந்துரும்" என்றாள். ஒட்ட வெட்டினால் திரும்ப ஆள் உயரம் வர டிசம்பர் ஆகும். அதுவரை? புதுசாக விற்பதற்குச் சொல்கிறாள் என்று வெர்ன் வந்துவிட்டார். போன வருஷம் வெட்டவில்லை. இந்த வருஷமும் வெட்டவில்லை. அவள் சொன்ன மாதிரியே நடுவில் பிளந்து விழ ஆரம்பித்தது. அதற்காக அவள் சொன்னது சரி என்று ஆகிவிடுமா? இந்த வருஷம் காற்று அதிகம்.

அவர் மனைவி நொலீன் கொல்லைப்புறப் படியில் நின்று விரலை நக்கி மேலே தூக்கிப் பிடித்தாள்.

அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்ததுதான். கிழக்கே நிலக்கரி கழுவும் ஆலை இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் யாரும் துணி காயப்போட மாட்டார்கள், வெள்ளைத் துணி சாம்பலாகத் திரும்பும். மேற்கிலிருந்து வந்தால் தெரு முழுக்கக் கொடி சுற்றும். ஆலையை மூடி இடித்துவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் மாடு மேய்கிறது. நொலீனின் விரல் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்கு ஞாபகம் கழல ஆரம்பித்தபோது முதலில் பேரப்பிள்ளைகள் பெயர் போனது, அப்புறம் அடுப்பு போனது. காற்று பார்க்கிறது போகவில்லை.

"மேல்காத்து," என்றாள். "போடலாம்."

"எத போடப் போற? தொவச்சது ஒண்ணுமில்ல."

"நீ போய் ஒன் வேலயப் பாரு."

வேலை இதுதான். காற்று சரியாக இருந்தால் அவள் கொடிக்குப் போவாள். காயப்போடத் துணி இல்லாததைக் கண்டு கொஞ்ச நேரம் திகைப்பாள். அப்புறம் உடுத்தியிருப்பதைக் கழற்றுவாள். கம்பளிச் சட்டை, பூப்போட்ட கவுன், உள்ளே இருப்பது எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, உதறி, கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டு, அவை காய்வதற்காகப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அதற்குப் பின்னால் நின்று உடை மாற்றுகிற பெண் அவள். "அந்தப் பக்கம் திரும்பு வெர்ன்" என்பாள். அவரும் திரும்புவார். நாலு பேர் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்று, காரில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான். "நான் எப்படி வேணா ஆகிட்டுப் போறேன். யாரும் என்னப் பாக்கும்படி மட்டும் விட்றாத." அவர் சரி என்றார். ஒரு வேலையை ஒத்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னார்.

கதவைப் பூட்டிப் பார்த்தார். கதவில் தலையை மோதினாள். கொடியைப் பிடுங்கிவிடலாம் என்று பார்த்தார். கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன் பிறகுதான் புல்.

வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது. மகள் லியானாகத்தான் இருக்கும். எடுக்காவிட்டால் போலீசையே அனுப்பிவிடுவாள். நொலீனைக் கொல்லைப் படியில் உட்காரவைத்து, கையில் கிளிப் வாளியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"அப்பா, வியாழக்கிழமை அந்தம்மா வர்றாங்க. ஞாபகம் இருக்குல்ல?"

"எனக்கு ஞாபகம் போகல. ஒங்கம்மாவுக்குத்தான் போச்சு."

"சும்மா பாத்துப் பேசிட்டுப் போவாங்கப்பா. அம்மாவுக்கு எவ்வளவு கவனிப்பு வேணும்னு ஒரு மதிப்பீடுதான். அம்மாவத் தூக்கிட்டா ஓடப் போறாங்க?"

"வேற எதுக்கு வர்றா? டீ குடிக்கவா?"

லியான் பேச்சை மாற்றினாள். "நீ தூங்குறியா?"

"அவ தூங்குனா தூங்குவேன்."

"அம்மா இன்னும் வெளிய போறாங்களா... துணியில்லாம?"

வெர்ன் சமையலறை ஜன்னல் வழியாக மேலே பார்த்தார். பக்கத்து மாடி ஜன்னலில் எப்போதும் போல மடிப்புத் திரை கீழ்வரை இறங்கியிருந்தது. இரவும் பகலும் இறக்கியே வைத்திருப்பாள் அந்த டானி. யாராவது வெளிச்சம் வரட்டும் என்று ஜன்னல் வைத்துவிட்டு அதை மூடி வைப்பார்களா? திரை மடிப்புக்கு இடையில் கண்ணை வைத்தால் அவளுக்கு எல்லாம் தெரியும், அவள் யாருக்கும் தெரிய மாட்டாள். அவருக்குத் தெரியாதா?

"யார் சொன்னா ஒனக்கு? பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளா?"

"யாரும் சொல்லல. ஈஸ்டருக்கு வந்தப்ப நானே பாத்தேன். நீ புல்லு நட்டா எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பாத்தவ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீ கேக்குற ஆளா?" என்றாள். "அம்மாவ நான் உன்கிட்டருந்து பிடுங்கப் பாக்குறேன்னு நெனைக்கிற. அவங்க கீழ விழுந்து கெடந்தா யாருக்குப்பா தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

கொல்லைப் படியில் கிளிப் வாளி மட்டும் இருந்தது.

புல் வட்டத்துக்குத்தான் முதலில் போனார். நுழைகிற வழியில் தலையை விட்டுப் பார்த்தார். சற்றுமுன் கட்டிய தூர் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்பக்கமாக விழுந்து, காய்ந்த தாள் ஒரு குவியலாகக் கிடந்தது. கொடியில் கம்பளிச் சட்டை. பூப்போட்ட கவுன். மற்றது எல்லாம். வரிசை தப்பாமல் மாட்டியிருந்தாள். ஆளைக் காணவில்லை.

"நொலீன்."

காற்றில் கவுன் சுற்றி வந்து அவர் முகத்தில் பட்டது.

திரும்பியபோதுதான் பக்கவாட்டுக் கதவு கண்ணில் பட்டது. காலையில் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் தாழ் போட மறந்திருந்தார். கவுனைக் கொடியிலிருந்து இழுத்தார், கிளிப் தெறித்தது, அதை மார்போடு பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. இடது முழங்கால் வளையாது. நிலக்கரித் தூசி தின்ற நெஞ்சு இரண்டு வீட்டைத் தாண்டுவதற்குள் விசில் அடித்தது.

தெரு வெறுமையாக இருந்தது. புல்வெளிகளில் உறைபனி இன்னும் வெள்ளையாக இருந்தது. இந்தக் குளிரில் ஒன்றுமே இல்லாமல் அவள் எவ்வளவு தூரம் நடப்பாள்? ரயில் பாதை வலது பக்கம். பெரிய சாலை இடது பக்கம், லாரி போகிற சாலை. வலது பக்கம் திரும்பினார்.

மூலை வீட்டு வாசலில் க்ளிஃப் இலை கூட்டிக்கொண்டிருந்தார். ஒரே சுரங்கத்தில் ஒன்றாக இறங்கி ஏறியவர்.

"என்னய்யா, பேய் தொரத்துதா?"

வெர்ன் வாயைத் திறந்தார். என் பெண்டாட்டியைப் பார்த்தாயா என்று கேட்டால், எப்படி இருந்தாள் என்று அவன் கேட்பான். கேட்காவிட்டாலும் மனசில் பார்ப்பான். சாயங்காலம் கிளப்பில் நாலு பேருக்குச் சொல்வான்.

"நாய்," என்றார். "நாயக் காணோம். இந்தப் பக்கம் வந்துச்சா?"

"நீ எப்பய்யா நாய் வளத்த?"

"வந்துச்சா இல்லையா?"

"வரல." க்ளிஃப்பின் பார்வை அவர் கையிலிருந்த துணிக்கு இறங்கியது. "நாய்க்குக் கவுனெல்லாம் மாட்டிவிடுறியா? பூப்போட்டது வேற."

வெர்ன் நடந்தார். பின்னால் துடைப்பச் சத்தம் நின்றுபோனது அவருக்குக் கேட்டது. "வெர்ன்! நொலீன் எங்கய்யா?" என்று க்ளிஃப் கத்தியதும் கேட்டது. திரும்பவில்லை.

ரயில் பாதையில் யாருமில்லை. இரண்டு பக்கமும் தண்டவாளம் பளபளவென்று காலியாகப் போயிற்று. அவருக்குச் சாமி கிடையாது. பாதிரிமாரையும் நம்பியதில்லை. ஆனாலும் அங்கே நின்று, யாரிடம் என்று தெரியாமல், "யாரும் பாத்திருக்கக் கூடாது" என்று சொன்னார். சொன்ன பிறகுதான் உறைத்தது. யாராவது பார்த்திருக்க வேண்டும் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? ஒரு லாரிக்காரனாவது, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாவது பார்த்திருந்தால் அவள் இன்னும் உயிரோடிருக்கிறாள் என்று அர்த்தம். இரண்டில் எதை வேண்டுவது என்று தெரியாமல், கவுனைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

வீட்டுக் கதவைத் தாண்டும்போது கண்ணாடியில் யாரோ அறைகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தார்.

பக்கத்து மாடி ஜன்னலில் திரை மேலே ஏறியிருந்தது. டானி இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டித் தட்டி, கீழே கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். புல்லுக்குள். அவருடைய புல்லுக்குள். ஜன்னலைத் தள்ளித் திறந்து கத்தினாள்.

"உள்ளதான் இருக்காங்க! கூப்பிட்டேன், நீங்க ஓடிட்டீங்க! விழுந்த புல்லுக்கு அடியில!"

வழியைச் சுற்றிப் போக அவருக்கு நிதானம் இல்லை. நேராகப் புல்லுக்குள் பாய்ந்தார். அவர் கட்டிய கயிறு, அவர் போட்ட முடிச்சு. சுரங்கத்து முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. தாள்கள் முகத்தையும் கழுத்தையும் கீறின. தோளால் மோதி, முழங்காலால் மிதித்து, தூர் முறிந்து உள்ளே விழுந்தார்.

குவியலுக்குப் பின்னால், கம்பத்தில் முதுகைச் சாய்த்து நொலீன் தரையில் உட்கார்ந்திருந்தாள். காய்ந்த புல்லை வாரி வாரி மடியிலும் மார்பிலும் போட்டு மூடியிருந்தாள். தோள் நீலம் பாரித்திருந்தது. கணுக்கால் ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. அவர் தலையை விட்டுப் பார்த்தபோதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதும் அவள் இங்கேதான், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"நொலீன். ஏன் சத்தம் குடுக்கல? கூப்டேன்ல?"

அவள் இன்னும் கொஞ்சம் புல்லை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.

"யாரோ ஒரு ஆளு எட்டிப் பாத்தான்," என்றாள் ரகசியமாக. "கெழவன். அதான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

"எந்தக் கெழவன்?"

அவள் அவரைப் பார்த்தாள். கையை எடுத்துக் காட்டவும் அவளுக்குத் துணிவில்லை, எடுத்தால் மறைப்பு போய்விடும்.

"அந்தப் பக்கம் திரும்புங்க ஐயா," என்றாள். "என் புருஷன் வந்துருவான்."

வெர்ன் ஸ்வெட்டரைக் கழற்றினார். கவுனையும் சேர்த்து அவள் கைக்கு எட்டும்படி தரையில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். பின்னால் புல் சரசரத்தது. ஏதோ தேடுகிறாள், தடுமாறுகிறாள். போய்ப் பிடிக்கக் கால் துடித்தது. போகவில்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே பார்த்தார். தூர் விழுந்த இடைவெளியில் மாடி ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. டானி இன்னும் அங்கேயே இருந்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் தோளுக்கு மேல் குழந்தை மட்டும், வாயில் விரலைப் போட்டுக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு டானி நீலப் போர்வையோடு இறங்கி வந்தாள். நொலீன் அவளிடம் மறுக்காமல் போனாள். வெர்னும் டானியும் சேர்ந்து அவளைச் சமையலறைக்குள் கொண்டு வந்து, கணப்பை மூட்டி, காலைத் தலையணை மேல் வைத்தார்கள். எலும்பு முறியவில்லை என்று டானி சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று வெர்ன் நினைத்தார். வாசலில் வந்து நின்ற க்ளிஃப்பிடம், "நாய் கெடச்சிருச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"முதல்ல எப்பப் பாத்த?" என்று டானியிடம் கேட்டார்.

"குடி வந்த வாரமே. புல்லெல்லாம் அப்பக் கெடையாது." அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அன்னைக்கு எறக்குன தெரதான். என் புருஷன்கிட்டயும் சொல்லிட்டேன், அந்தப் பக்கம் தொடாதேன்னு."

"இன்னைக்கு ஏன் தூக்குன?"

"அவங்க கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. ஒரு சின்னக் கத்தல். அப்பறம் ஒண்ணுமே கேக்கல."

அந்தக் கத்தல் கேட்ட நேரத்தில்தான் அவர் தொலைபேசியில் "எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

"என் மக நம்பர் ஒன்கிட்ட இருக்கா?"

"இல்ல."

"வியாழக்கெழம ஒருத்தி வர்றா. ஒன் வீட்டுக் கதவத் தட்டுனா என்ன சொல்லுவ?"

"கேட்டா, பாத்ததச் சொல்லுவேன். பொய் சொல்லச் சொல்லாதீங்க."

"பாத்தேன்னு நீயே ஒத்துக்கிட்ட. அதத்தான் நானும் மொதல்லருந்து சொல்லிட்டிருக்கேன்," என்றார் வெர்ன்.

"சமையக்கட்டுப் பக்கமாவது அந்தப் புல்ல வெட்டிருங்க வெர்ன். உங்களுக்காவது அவங்க தெரியணும்ல?"

"எனக்குத் தெரிஞ்சா ஒனக்கும் தெரியும்."

"இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருக்காட்டி?"

அவர் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

மத்தியானம் நொலீன் கணப்பருகே தூங்கியதும், தோட்டக் கத்தரியை எடுத்துக்கொண்டு போனார். சமையலறைக்கு எதிரே இருந்த ஒரே ஒரு தூரை அடியில் பிடித்து வெட்டினார். கைக்கு அடங்காத கட்டு. வெட்டிய இடத்தில் குனிந்து பார்த்தார். சுற்றிலும் தடித்த தாள், நடுவில் கறுத்து அழுகிய குழி. நர்சரிக்காரி குருட்டாம்போக்கில் சொல்லியிருப்பாள். எல்லாச் செடிக்கும் ஏதாவது ஒன்று அழுகத்தான் செய்யும்.

நிமிர்ந்தபோது அந்த இடைவெளி வழியாகச் சமையலறை ஜன்னல் நேராகத் தெரிந்தது. நொலீன் விழித்திருந்தாள். ஒற்றைக் காலில், நீலப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் விளிம்பைப் பிடித்து நின்றாள். அவர் கையைத் தூக்கினார். அவள் சிறிது நேரம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு திரைச் சீலையை இழுத்து மூடிவிட்டாள்.

மாடியில் மடிப்புத் திரையும் எப்போதோ இறங்கியிருந்தது. அதில் ஒரு மடிப்பு அசைந்தது. அசைந்ததை அவர் பார்த்தார். ஜன்னல் சாத்தியிருக்கும்போது காற்றுக்கு எப்படி அசையும்?

வெட்டிய புல்கட்டை எடுத்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப நிமிர்த்தி வைத்தார். ஒரு கம்பை ஊன்றி, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றினார். வேரில்லாவிட்டால் என்ன, பார்க்கிறவனுக்குப் புல்தானே தெரியும். கத்தரியைத் தரையில் குத்திவிட்டுச் சமையலறைக் கதவை நோக்கி நடந்தார். பாதி தூரத்தில் மேல்காற்று வந்தது. முதுகுக்குப் பின்னால் கயிறு முனகியது, அப்புறம் அந்தக் கட்டு முழுசாகச் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.